அருணவரக் கடலின் அகலம்

ஆஷாடம், கார்த்திகம், பால்குனம் ஆகிய மாதங்களில் வளர்பிறை அட்டமி தொடங்கி முழுநிலவு வரை எட்டு நாள்கள் ஜினாலயங்களில் நந்தீஸ்வர பூசை நடைபெறுகிறது. நந்தீஸ்வர துவீபத்தில் திசைக்குப் பதின்மூன்றாக ஐம்பத்திரண்டு சைத்தியாலயங்கள் உள்ளன என்பதும், அப்பதின்மூன்று ஓர் அஞ்சனகிரி, நான்கு ததிமுகம், எட்டு ரதிகரம் எனப் பகுக்கப்படும் என்பதும் சமண இல்லங்களில் வளரும் சிறுவர் அறிந்த கணக்கு. அத்துவீபத்தின் அகலம் நூற்று அறுபத்து மூன்று கோடியே எண்பத்து நான்கு லட்சம் யோஜனை. இவ்வெண்ணைக் கேட்டு வியந்து வணங்குவோர் பலர். இது எங்கிருந்து வந்தது என்று வினவுவோர் சிலரே. இது தனித்து நிற்கும் எண்ணன்று. ஒரு வரிசையில் பதினைந்தாம் இடத்தில் நிற்பது.

மத்தியலோகத்தின் நடுவில் ஜம்புத்துவீபம். அதன் விட்டம் ஒரு லட்சம் யோஜனை. அதனை வளையமாகச் சூழ்ந்த லவண சமுத்திரத்தின் அகலம் இரண்டு லட்சம். அதனைச் சூழ்ந்த தாதகீகண்டம் நான்கு லட்சம். காளோததி எட்டு லட்சம். புஷ்கரவர துவீபம் பதினாறு லட்சம். இவ்வாறு ஒவ்வொரு துவீபமும் ஒவ்வொரு சமுத்திரமும் தனக்கு உட்பட்டதைப் போல் இருமடங்கு அகலம் உடையது. புஷ்கரவர சமுத்திரம், வாருணிவரம், க்ஷீரவரம், கிருதவரம், க்ஷௌத்ரவரம் என்று துவீபமும் கடலுமாக எண்ணிச் சென்றால் பதினைந்தாவதாக நந்தீஸ்வர துவீபம் வரும். ஒன்றைப் பதினான்கு முறை இரட்டித்தால் 16384. அதனை லட்சத்தால் பெருக்கினால் பூசை நூலில் வரும் 163 கோடியே 84 லட்சம் கிடைக்கிறது. நந்தீஸ்வரத்தைச் சூழ்ந்த கடல் பதினாறாவது; அருணவர துவீபம் பதினேழாவது; அருணவர சமுத்திரம் பதினெட்டாவது. இப்பதினெட்டாம் இடத்து எண்ணே இங்கு ஆராயத்தக்கது. பதினேழு முறை இரட்டித்த 131072 லட்சம், அதாவது 13107200000 யோஜனை. சொல்லால் கூறினால் ஆயிரத்து முந்நூற்றுப் பத்துக் கோடியே எழுபத்திரண்டு லட்சம்.

இவ்வரிசையில் இதனினும் பெரிய எண்கள் எல்லையின்றி வருகின்றன. அவ்வாறிருக்க இவ்வெண் கணித வரலாற்று நூல்களில் இடம்பெற்றது ஏன்? அது சொல்லப்பட்ட முறையே காரணம். லோகவிபாகம் என்னும் நூலின் நந்தீஸ்வரப் பகுதியை அடுத்து வரும் ஒரு சுலோகம், கோடி, லட்சம் முதலான பேரெண் பெயர்களில் ஒன்றையும் கையாளாமல், இலக்கங்களை மட்டும் அடுக்கி இவ்வெண்ணைத் தருகிறது. கடைசி இடத்திலிருந்து தொடங்கி முதலில் ஐந்து பூச்சியங்கள், பின் இரண்டு, ஏழு, அதன்பின் ‘அம்பரம்’, பின் ஒன்று, மூன்று, இறுதியில் ‘ரூபம்’ என்று அது செல்கிறது. அம்பரம் என்பது வானம், வெளி, எனவே பூச்சியம். ரூபம் என்பது ஒன்று. பூதசங்கியை எனப்படும் இம்முறையில் பொருள்களின் பெயர்கள் எண்களாக நிற்கும். அடுக்கியதை வலமிருந்து இடமாக எழுதினால் 1, 3, 1, 0, 7, 2, அதன்பின் ஐந்து பூச்சியங்கள்.

இங்கே கருத்திற்குரியது இறுதியில் நிற்கும் ஐந்து பூச்சியங்கள் அல்ல. அவற்றை லட்சம் என்னும் ஒரு சொல்லே சுமந்திருக்கும். நடுவில் நிற்கும் அந்த ஒற்றை அம்பரமே சிறப்புடையது. ஏழுக்கும் ஒன்றுக்கும் இடையே ‘இங்கு ஒன்றும் இல்லை, ஆயினும் ஓர் இடம் உண்டு’ என்பதை அது உரைக்கிறது. அச்சொல் இல்லையெனின் எண் 1317200000 ஆகச் சுருங்கிக் கடலின் அகலம் ஏறத்தாழப் பத்தில் ஒன்றாகிவிடும். ஒரே இலக்கம் நிற்கும் இடத்தால் மதிப்பு மாறும் என்பதும், வெற்றிடத்துக்கும் ஒரு பெயர் வேண்டும் என்பதும் இயற்றியவருக்கும் கேட்டவருக்கும் பழகியிருந்தாலன்றி இச்சுலோகம் பொருள்படாது. விளக்கம் எதுவும் கூறாமலே நூல் இதனைக் கையாள்வதால், முறை அன்று புதியதாக இல்லை என்பது தெளிவு.

லோகவிபாகத்தின் இறுதியில் அதன் வரலாறு கூறப்படுகிறது. பாணராஷ்டிரத்தில் பாடலிகம் என்னும் ஊரில் சர்வநந்தி முனிவர் இந்நூலை முன்பு இயற்றினார். அப்போது காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் இருபத்திரண்டாம் ஆட்சியாண்டு. சக ஆண்டு 380. அதாவது பொது ஆண்டு 458. சனி, வியாழன், சந்திரன் ஆகியவை நின்ற நிலைகளும் உடன் குறிக்கப்பட்டுள்ளன. பல்லவர் செப்பேடுகள் பெரும்பாலும் ஆட்சியாண்டை மட்டுமே தருவதால், தொடக்ககாலப் பல்லவ மன்னர்களின் காலத்தைக் கணிப்பதில் அறிஞர் இடர்ப்பட்டனர். சக ஆண்டும் ஆட்சியாண்டும் ஒருங்கே நிற்கும் இக்குறிப்பு, சிம்மவர்மன் 436ஆம் ஆண்டையொட்டி முடிசூடினான் என்று கொள்ள உதவியது. உலக அமைப்பைப் பாட வந்த ஒரு திகம்பர முனிவர், தாம் கருதாமலே பல்லவ வரலாற்றுக்கு ஓர் அடிக்கல் நாட்டிச் சென்றார்.

பாடலிகம் கடலூரை அடுத்த திருப்பாதிரிப்புலியூரே என்பது அறிஞர் பலர் கருத்து. பிற்காலத்தில் திருநாவுக்கரசர் எனப் பெயர் பெற்றவர், தருமசேனர் என்னும் பெயருடன் தலைமை பூண்டிருந்ததாகப் பெரியபுராணம் கூறும் சமணப் பள்ளியும் பாடலிபுத்திரம் என்றே அழைக்கப்படுகிறது. அப்பள்ளி இன்றில்லை. அங்கே கற்பிக்கப்பட்டவற்றுள் எஞ்சியதாக ஒரு கடலின் அகலத்தைச் சொல்லலாம் போலும்.

சிம்மவர்மன் ஆண்ட காஞ்சியைச் சூழ்ந்த நாட்டில் அன்றாடக் கணக்கு வேறு வகையாக நடந்தது. காஞ்சிக்குத் தென்கிழக்கே உத்திரமேரூர், அதனை அடுத்த சாலவாக்கம், சுற்றிலும் ஏரிப்பாசன ஊர்கள். இங்கே கணக்கு என்றால் நிலம், நெல், நீர். தமிழ்க் கல்வெட்டுகளிலும் ஓலைக் கணக்குகளிலும் ஒன்று முதல் ஒன்பது வரை இலக்கங்கள் உண்டு. பத்துக்கு ௰, நூற்றுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ எனத் தனிக் குறிகளும் உண்டு. முந்நூற்று ஐந்து என்பது ௩௱௫. நடுவில் பூச்சியம் தேவையில்லை. 1767 முதல் 1774 வரை செங்கல்பட்டு ஜாகீரில் பர்னார்டு என்னும் ஆங்கிலேயர் ஊர்தோறும் கணக்கெடுத்தபோதும் ஊர்க் கணக்கர் வைத்திருந்தவை இத்தகைய ஓலைகளே. இது குறைபாடன்று. நெல்லை அளக்கவும் வாரத்தைப் பிரிக்கவும் அம்முறை போதும். மேல்நோக்கிச் செல்வதைவிடக் கீழ்நோக்கிச் செல்வதிலேயே அதன் திறம் விளங்குகிறது. இருபதில் ஒன்று மா, எண்பதில் ஒன்று காணி, முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி, அம்முந்திரியில் முந்நூற்றிருபதில் ஒன்று கீழ்முந்திரி. தொண்டை மண்டலத்தில் நில அளவுக்கும் காணி என்னும் பெயர் உண்டு. இங்குக் குறித்தது எண்சுவடிக் காணி.

ஒரே நாட்டில், ஒரே மொழி பேசிய மக்களிடையே, ஊர்க் கணக்கர் ஓலையில் பூச்சியம் இன்றியும், பள்ளியில் முனிவர் சுலோகத்தில் பூச்சியத்தோடும் எண்ணினர். இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. தேவை வேறு. கீழ்முந்திரியின் கூறுபாடு 102400. அதற்குக் குறியும் பெயரும் போதும். பதினெட்டாம் வளையத்தைப் பாடுபவருக்கோ, மேலும் மேலும் இரட்டித்துச் செல்லும்போது பெயர்கள் தீர்ந்துபோகும், இடங்கள் தீர்வதில்லை.

முனிவரின் எண்ணைக் கணக்கரின் கோலால் அளந்து பார்த்தால் ஒரு பொருத்தம் புலப்படும். 13107200000 என்பது இரண்டையும் ஐந்தையும் தவிர வேறு பகா எண்ணால் வகுபடாதது. இருபத்திரண்டு முறை பாதியாக்கலாம், எஞ்சுவது 3125, அது ஐந்தை ஐந்து முறை பெருக்கிய பயன். எண்சுவடியின் மா, காணி, முந்திரி ஆகியவையும் இரண்டாலும் ஐந்தாலும் ஆனவையே. ஆதலால் அருணவரக் கடலின் அகலத்தில் ஒரு மா எடுத்தால் 655360000 யோஜனை. அது 25600இன் வர்க்கம். ஒரு காணி எடுத்தால் 163840000. அது 12800இன் வர்க்கம். ஒரு முந்திரி எடுத்தால் 40960000. அது 6400இன் வர்க்கம். கீழ்முந்திரிகூடப் பின்னமின்றி 128000 யோஜனையாக நிற்கிறது. சர்வநந்தி முனிவர் இதனைக் கருதினார் என்று கூற இடமில்லை. இரட்டித்தலும் பத்தால் பெருக்குதலும் கலந்த எண்களுக்கு இஃது இயல்பு. ஆயினும் அறிந்து மகிழத்தக்கது.

முனிவர்கள் கருதிய பண்புகள் வேறு. முதலாவது, ஒரு வளையத்துக்கும் அதற்கு உட்பட்டவை அனைத்துக்கும் உள்ள உறவு. ஜம்புத்துவீபம் முதல் அருணவர துவீபம் வரை பதினேழின் அளவுகளையும் ஒன்றாகக் கூட்டினால் 131071 லட்சம். அருணவரக் கடல் ஒன்றின் அகலமே 131072 லட்சம். தனக்கு முற்பட்ட அனைத்தையும் விட அது ஒரு லட்சம் மிகுதி. மேருவின் நடுவிலிருந்து ஒரு திசையில் அளந்து சென்றால் ஜம்புத்துவீபத்தில் பாதி மட்டுமே வருமாதலால், கடலின் உட்கரை வரை 131070 லட்சத்து ஐம்பதினாயிரம். அப்போது மிகுதி ஒன்றரை லட்சம். எந்த வளையத்தை எடுத்தாலும் இம்மிகுதி மாறாது. எண்கள் எவ்வளவு பெருகினும் மாறாத அந்த ஒன்றரை லட்சத்தை முனிவர்கள் கண்டறிந்து விதியாக்கினர்.

திலோயபண்ணத்தியிலும் நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தியின் திரிலோகசாரத்திலும் வரும் விதியொன்று இதனின்று பிறப்பது: வளையத்தின் அகலத்தை இரண்டு, மூன்று, நான்கு ஆகியவற்றால் தனித்தனியே பெருக்கி மும்மூன்று லட்சம் கழித்தால் முறையே உள்விட்டம், இடைவிட்டம், வெளிவிட்டம் கிடைக்கும். லவண சமுத்திரத்துக்கு இதனைச் சரிபார்ப்பது எளிது. அகலம் இரண்டு லட்சம். நான்கால் பெருக்கினால் எட்டு. மூன்று போக ஐந்து. நடுவில் ஒன்று, இருபுறமும் இரண்டிரண்டு, ஆக ஐந்து லட்சம். அருணவரக் கடலுக்கு வெளிவிட்டம் 524285 லட்சம் யோஜனை. உள்ளே உள்ள பதினேழையும் ஒவ்வொன்றாகக் கூட்ட வேண்டியதில்லை. பெரிய எண்ணை மனத்தில் தாங்குவதற்கு இத்தகைய விதியே வழி.

மேலே வந்த 131071 என்னும் கூட்டுத்தொகைக்கும் ஒரு தனி வரலாறு உண்டு. ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதனாலும் வகுபடாத பகா எண் அது. இதனை 1588ஆம் ஆண்டில் இத்தாலியின் பொலோஞாவைச் சேர்ந்த கதால்தி நிறுவினார். இரண்டின் அடுக்கில் ஒன்று குறைந்து நிற்கும் இத்தகைய பகா எண்களைப் பின்னர் மெர்சென் பகா எண்கள் என்றனர். அதனை 65536ஆல் பெருக்கினால் வரும் 8589869056 ஒரு நிறைவெண். தன்னைத் தவிர்த்த தன் வகுஎண்கள் அனைத்தையும் கூட்டினால் தானே ஆவது. ஜம்புத்துவீபம் முதல் அருணவரம் வரையான கூட்டுத்தொகையை அருணவர துவீபத்தின் அகல எண்ணால் பெருக்கினால் நிறைவெண் என்பது வேறு நாட்டு, வேறு நோக்குடைய கணிதத்தால் அறியவந்த செய்தி. சமண நூல்கள் பகா எண்ணைத் தேடிச் செல்லவில்லை. அவை தேடியது இரட்டித்தலின் அளவை. ஓர் எண்ணை எத்தனை முறை பாதியாக்கலாம் என்பதை அர்த்தச்சேதம் என்று பெயரிட்டு, அதன் விதிகளை வீரசேனாசாரியர் 816இல் முடித்த தவளா உரையில் விரிவாக ஆள்கிறார். 131072இன் அர்த்தச்சேதம் 17. இதனை ‘மடக்கை’ என்று இக்கால நூல்கள் கூறும். 1614இல் நேப்பியர் வெளியிட்ட அட்டவணைக்கு ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் முற்பட்டது. எனினும் இரண்டும் ஒன்றே என்று பெருமிதத்தால் எழுதுவது பொருந்தாது. நேப்பியர் தேடியது பெருக்கலைச் சுருக்கும் அட்டவணை. வீரசேனர் தேடியது எண்ணுக்கு எட்டாதனவற்றை ஒப்பிடும் வழி.

இத்தகைய பெருமிதம் குறித்து எச்சரிக்கை தேவைப்படும் இடம் இன்னொன்று உண்டு. அது லோகவிபாகத்தையே சார்ந்தது. பிரான்சு நாட்டு எண்வரலாற்றாசிரியர் ஜார்ஜ் இஃப்ரா, பூச்சியத்தோடு கூடிய இடமதிப்பு முறைக்குக் காலம் தெரிந்த மிகப் பழைய சான்றாக இந்நூலை முன்வைத்தார். அதன்பின், 458இல் தமிழகச் சமணர் பூச்சியத்தைக் கண்டுபிடித்தனர் என்று எழுதுவோரும் உளர். இன்று கிடைக்கும் லோகவிபாகம் சர்வநந்தியின் பிராகிருத நூலன்று. சிம்மசூரர் என்னும் ரிஷி அதனை வடமொழியில் ஆக்கிய வடிவமே ஓலைகளில் எஞ்சி, சோலாப்பூரில் 1962இல் அச்சேறியது. அவ்வடிவத்தில் ஜினசேனரின் ஆதிபுராணத்திலிருந்தும் திரிலோகசாரத்திலிருந்தும் மேற்கோள்கள் வருகின்றன. ஆகவே சிம்மசூரர் பத்தாம் நூற்றாண்டுக்கு முற்பட்டவராக இருக்க இயலாது. ‘அம்பரம்’ என்ற சொல் சர்வநந்தியின் வாக்கா, ஐந்நூறு ஆண்டுக்கு மேல் பின்வந்தவரின் வாக்கா என்பதே வினா.

வினாவை மறைப்பதால் மரபுக்குச் சிறப்பு வாராது. மறைத்ததைப் பிறர் கண்டு கூறும்போது உள்ள சிறப்பும் போகும். உறுதியாகச் சொல்லத்தக்கவை இவை: சிம்மசூரர் தாம் செய்தது மொழிமாற்றமே என்று கூறுகிறார். எண்ணின் மதிப்பு இரட்டித்தல் விதியிலிருந்து வருவதால் அது மூலநூலிலும் இதுவாகவே இருந்திருக்க வேண்டும். காலக்குறிப்பைச் சிம்மசூரர் கற்பித்திருக்கக் காரணம் இல்லை. தமக்கு ஐந்து நூற்றாண்டு முற்பட்ட ஒரு காஞ்சி மன்னனின் ஆட்சியாண்டை இட்டுக்கட்டுவதால் அவருக்கு ஆவது ஒன்றுமில்லை. இடமதிப்பு முறை 458இல் நாட்டில் வழங்கியிருப்பதற்கும் தடையில்லை. 499ஆம் ஆண்டைத் தம் நூலில் குறிக்கும் ஆரியபடர் அதனை அறிந்தவரே. கல்லில் காலத்தோடு கிடைக்கும் பூச்சியக் குறிகள் பிற்பட்டவை: கம்போடியாவின் சக ஆண்டு 605 கல்வெட்டு, அதாவது 683; குவாலியரில் 876. சான்று முழுமையாக வேண்டுமெனில் சர்வநந்தியின் பிராகிருத மூலம் கிடைக்க வேண்டும்.

தமிழ்ச் சமணருக்கு அம்மூலம் தொலைவில் உள்ள பொருளன்று. அது எழுதப்பட்டது இந்நாட்டில். படித்தவர்கள் இந்நாட்டுப் பள்ளிகளில். காஞ்சியின் ஒரு பகுதியான திருப்பருத்திக்குன்றம் ஜினகாஞ்சி என்று பெயர் பெற்றது. அங்குள்ள திரைலோக்கியநாதர் ஆலயத்தின் பெயரே மூவுலகையும் நினைவூட்டுவது. மேருமந்தர புராணம் பாடிய வாமன முனிவரின் ஊரும் அதுவே. விஜயநகர அமைச்சர் இருகப்பர் தம் ஆசிரியர் புஷ்பசேனரின் சொற்படி அங்கே சங்கீத மண்டபம் எழுப்பியது 14ஆம் நூற்றாண்டின் இறுதியில். பிராகிருதத்தையும் வடமொழியையும் தமிழோடு கற்கும் மரபு அதுவரையிலும் அதன்பின்னும் அறாமல் இருந்தது. ஸ்ரீபுராணத்தின் மணிப்பிரவாள நடை அதற்குச் சான்று.

அவ்வாறு பல மொழி கற்றவர்க்கே விளங்கும் எண்ணொன்று கோம்மடசாரத்தில் உண்டு. பர்யாப்த மனிதரின் தொகையை நேமிசந்திரர் ஒரு காதையில் அமைக்கிறார்: 29 இலக்கம், 29 எழுத்து, இலக்கத்துக்கு ஓர் எழுத்தாகக் கடபயாதி முறை. முதலெழுத்து 6, இறுதியெழுத்து 7. அம்பரச் சுலோகத்தைப் போலவே பின்னிருந்து எழுதிச் சென்றால் 79228162514264337593543950336 வரும். ஒன்றைத் தொண்ணூற்றாறு முறை இரட்டித்த எண் அது; ஓர் இலக்கம்கூடப் பிழையில்லை. தமிழ் எழுத்தில் மட்டும் எழுதிப் பார்ப்பவருக்கு இக்காதை கலங்கும். க, ச, ட, த, ப ஆகிய வர்க்கங்களில் நான்கு ஒலிக்கும் ஓர் எழுத்தே தமிழில் உண்டு. கிரந்தம் அறிந்தவர் கையில் மட்டுமே கணக்குச் சரியாகும். கிரந்தம் படிப்போர் அருகிவரும் இக்காலத்தில், இல்லங்களிலும் மேல்சித்தாமூர் முதலிய இடங்களிலும் உள்ள கிரந்த ஏடுகளைப் பெயர்ப்பட்டியல் இட்டு வைப்பது, அவற்றில் லோகவிபாகம் இருப்பினும் இல்லாவிடினும் செய்யத்தக்க பணி.

ஏடு எழுதுவோரின் கை பிழைப்பது இயல்பு. இலக்கமாக எழுதப்பட்ட எண்ணில் ஒரு சுழி விடுபட்டால் யாரும் அறியார். சுலோகத்தில் அவ்வாறன்று. அனுஷ்டுப் சந்தத்தில் அடிக்கு எட்டு எழுத்து. அம்பரத்தை விட்டால் அடி குறைந்து ஓசை உடையும். ஓதுவோர் நாவே தடுத்து நிறுத்தும். அதனையும் மீறிப் பிழை புகுந்தால் இரட்டித்தல் காட்டிக் கொடுக்கும். அருணவர துவீபம் 65536 லட்சம். ஆகவே அதன் கடல் 131072 லட்சமாகவே இருத்தல் வேண்டும். அதற்கப்பால் சூழ்ந்த துவீபம் 262144 லட்சம்.